கொத்து எங்கே விழுகிறது?

ஒன்பதாம் நாள் காலையில் அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்தபோது பதினொரு குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தன. பன்னிரண்டாவது குஞ்சு மூலையில் கிடந்தது. அதன் வாலடியில் இரத்தம் உறைந்திருந்தது. செத்துக் கிடந்த பிறகும் ஒரு குஞ்சு அந்த இடத்தைக் கொத்திக்கொண்டே இருந்தது.

பள்ளி விடுமுறையில் காலைச் சந்தையில் நான் வாங்கிய நாட்டுக்கோழிக் குஞ்சுகள் அவை. வாங்கும்போது பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. வளர்ந்ததும் அறிவியல் மன்றத்து மாணவர்களிடம் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். விடுமுறை முடிந்து வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது படிவம் 2 மாணவன் ஒருவன் உடனே சொன்னான்: "டீச்சர், கோழின்னா அப்படித்தான். பலமா உள்ளது பலமில்லாதத கொத்தும். அதான் இயற்கை."

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், சிரித்தவர்களில் இரண்டு பேருக்கும் தெரியும். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. பாடத்தைத் தொடங்கிவிட்டேன். பதில் சொல்ல எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அதற்குள் இரண்டாவது முறையாகக் குஞ்சு வாங்கி வளர்த்துப் பார்த்தேன், படிக்கவும் செய்தேன். அந்த மாணவன் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் என் குஞ்சு செத்தது அந்தப் பாதியால் அல்ல.

முதலில் அந்தப் பாதி. கோழிக் கூட்டத்தில் 'கொத்து வரிசை' ஒன்று உண்டு. இதை முறையாகக் கவனித்து எழுதியவர் நார்வே நாட்டின் தொர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே. 1894-இல் பிறந்தவர். உங்களைவிடச் சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, எது எதைக் கொத்துகிறது என்று குறிப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார். 1922-இல் ஜெர்மன் மொழியில் அவருடைய ஆய்வு வெளிவந்தது. ஒரு கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது கோழி அந்த ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். இப்படியே இறங்கி வந்தால் கடைசிக் கோழிக்குக் கொத்த யாருமே இல்லை. சில நேரம் இந்த வரிசை வளைந்தும் போகும். 'அ' கோழி 'ஆ'வைக் கொத்தும், 'ஆ' கோழி 'இ'யைக் கொத்தும், ஆனால் 'இ' திரும்பி வந்து 'அ'வைக் கொத்தும். அவர் இதையும் எழுதி வைத்திருக்கிறார்.

பன்னிரண்டு கோழிகள் இருந்தால் எத்தனை ஜோடிகள்? 12-ஐ 11-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 66. ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் யார் பெரியவர் என்று ஒருமுறை முடிவு செய்துகொள்கிறது. முடிவானதும் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் கொத்தே தேவைப்படுவதில்லை. மேல் நிலையில் உள்ள கோழி கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாலே மற்றது ஒதுங்கிவிடும். ஆக, வரிசை என்பது சண்டையைக் குறைக்கும் ஏற்பாடு. அந்தக் கொத்து விழும் இடமும் தலை, கொண்டை, பிடரி ஆகியவைதான். எதிரில் நின்று கொத்தும். கொத்து வாங்கியது ஓடிவிடும். இறகு கொஞ்சம் உதிரலாம். உயிர் போவது அரிது.

இப்போது என் அட்டைப்பெட்டிக்கு வாருங்கள். குஞ்சுகள் ஒன்றை ஒன்று முறைத்து, நெஞ்சை நிமிர்த்திக் குதிக்கும் விளையாட்டுச் சண்டை இரண்டு மூன்று வாரத்தில்தான் தொடங்குகிறது. நிலையான வரிசை அமைய ஆறு வாரத்திலிருந்து பத்து வாரம் வரை ஆகும். என் குஞ்சுகளுக்கு ஒன்பது நாள்தான். அவற்றுக்குள் இன்னும் பெரியவரும் இல்லை, சின்னவரும் இல்லை. கொத்து விழுந்த இடமோ தலை அல்ல, வாலடி. முன்னால் நின்று கொத்தவில்லை, பின்னால் நின்று கொத்தியது. கோபத்தின் அடையாளம் எதுவும் இல்லை. ஒரு அரிசியைக் கொத்துவது எப்படியோ அப்படித்தான் கொத்தியது.

அந்தக் கடைசி வரிதான் திறவுகோல். அது உணவு தேடும் கொத்து.

நம் வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. மலாயில் ஆயாம் ஹூத்தான் என்பார்கள். எண்ணெய்ப்பனைத் தோட்ட ஓரங்களில் இன்றும் பார்க்கலாம். சிங்கப்பூரில் புலாவ் உபினுக்குப் போனவர்களும் பார்த்திருப்பீர்கள். விடிந்தால் அதற்கு ஒரே வேலை: தரையைக் கிளறு, கொத்து, நகர், மறுபடி கிளறு. பகலின் பெரும்பகுதி அதிலேயே போகும். காலால் கிளறி, இலையைப் புரட்டி, நூறு முறை கொத்தினால் ஏதோ சில விதை, ஒரு கறையான், ஒரு புழு. நாம் அதைக் கூண்டில் அடைத்துத் தட்டு நிறையத் தீவனம் வைத்துவிடுகிறோம். வயிறு சில நிமிடங்களில் நிறைந்துவிடும். ஆனால் அலகுக்குள்ள வேலை தீரவில்லை. குஞ்சுக்கு அலகுதான் கை. நம் வீட்டுக் கைக்குழந்தை எதைப் பார்த்தாலும் வாயில் வைப்பதுபோல, குஞ்சு எதைப் பார்த்தாலும் கொத்திப் பார்க்கும். தரையில் கொத்த எதுவும் இல்லையென்றால், பக்கத்தில் நிற்பதன் கால்விரல், மினுங்கும் கண், அசையும் இறகு எல்லாம் 'தரை'யாகிவிடுகின்றன.

நான் பெட்டியில் விரித்திருந்தது நாளிதழ். வழவழப்பான, கிளறவே முடியாத காகிதம். (அதில் குஞ்சுகளின் கால் வழுக்கி விரிந்து ஊனமாகும் ஆபத்தும் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.) பெட்டியின் அளவு 40 சென்டிமீட்டருக்கு 30. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: ஒரு குஞ்சுக்கு 100 சதுர சென்டிமீட்டர், அதாவது 10-க்கு 10. முதல் சில வாரங்களுக்கே அதைப் போல நாலு மடங்குக்கு மேல் வேண்டும். வாங்கிய அன்று பஞ்சு உருண்டைகளாக இருந்தபோது பெட்டி தாராளமாகத்தான் தெரிந்தது. குஞ்சு எவ்வளவு வேகமாக வளரும் என்று நான் கணக்குப் போடவில்லை.

அடுத்த தவறு வெப்பம். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று புத்தகத்தில் படித்துவிட்டுக் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். இந்தக் கணக்கு குளிர்நாட்டு அறையையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. தகரக் கூரை போட்ட என் வீட்டுப் பின்கட்டு மதியம் இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல்பு இரவும் பகலும் எரிந்தது. குஞ்சுகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு, அலகைத் திறந்து மூச்சு வாங்கியதைப் பார்த்தும் 'தண்ணீர் தாகம் போலிருக்கிறது' என்று நினைத்தேன். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும்: பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருங்கினால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, இங்கும் அங்குமாகப் பரவிப் படுத்திருந்தால் சரி. சூட்டில் தவிக்கும் குஞ்சு எரிச்சலில் கொத்தும். விளக்கு அணையாவிட்டால் அதற்கு உறக்கமும் இல்லை, இருட்டும் இல்லை. கொத்தும் நேரம் இரட்டிப்பாகிறது.

தீவனத்திலும் தப்பு செய்தேன். இரண்டு மூன்று ரிங்கிட் மிச்சம் பிடிக்கலாம் என்று குஞ்சுத் தீவனத்தோடு பாதிக்குமேல் அரிசிக் குருணை கலந்தேன். குஞ்சுத் தீவனத்தில் புரதம் ஏறத்தாழ 20 விழுக்காடு. அரிசியில் 7, 8 விழுக்காடுதான். இறகு முழுக்க முழுக்கப் புரதம். கெரட்டின் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள், நம் நகமும் முடியும் அதே வகைதான். இறகு முளைக்கும் வயதில் புரதமும், அதிலும் கந்தகம் கொண்ட மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும், உப்பும் குறைந்தால் கோழிகள் மற்றவற்றின் இறகைப் பிடுங்கித் தின்னத் தொடங்குவது நன்கு அறியப்பட்ட ஒன்று.

ஏன் வாலடி? ஏன் ஒன்பதாம் நாள்? முதல் வாரத்தில் குஞ்சின் மேல் இருப்பது பெரும்பாலும் பஞ்சு. இரண்டாவது வாரத்தில் வாலில் குருத்திறகு எட்டிப் பார்க்கிறது. முளைக்கும் இறகு, காய்ந்த இறகைப் போல உயிரற்றதல்ல. அதன் தண்டுக்குள் இரத்தம் ஓடும். மினுமினுக்கும் அந்தக் குருத்தை இன்னொரு குஞ்சு புல் நுனி என்று நினைத்து இழுக்கிறது. தண்டு உடைகிறது. ஒரு துளி இரத்தம் வருகிறது.

இங்கேதான் மூன்றாவது வகைக் கொத்து தொடங்குகிறது. மூன்றிலும் அஞ்ச வேண்டியது இதுதான். நம் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை; கோழிக்கு நான்கு. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். சிவப்பை மிக நன்றாகப் பிரித்தறியும். மஞ்சள் பஞ்சின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அத்தனை குஞ்சுகளும் அங்கே திரும்பும். ஒன்று கொத்த, அதைப் பார்த்து மற்றது கொத்த, இரத்தத்தின் சுவையும் பழகிவிட்டால் கதை முடிந்தது. சில மணி நேரம் போதும். என் பெட்டியில் அது ஓர் இரவில் நடந்தது. முதலில் கொத்திய குஞ்சு எது என்று கேட்டால் அது வில்லன் இல்லை. காகிதத் தரையில் புல் தேடிய குஞ்சு, அவ்வளவுதான்.

இந்தச் சிவப்புக் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் கோழிக்குக் கண்ணாடி விற்றிருக்கிறார்கள். கொத்திலிருந்து கண்ணைக் காக்கும் கோழிக் கண்ணாடிக்கு 1903-லேயே காப்புரிமை வாங்கப்பட்டது. பின்னாளில் சிவப்பு நிறக் கண்ணாடியும் வந்தது. எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் இரத்தம் தனியாகத் தெரியாது என்பது கணக்கு. குஞ்சுகளுக்குச் சிவப்பு விளக்கு போடுவதும் இதே காரணத்தால்தான். பெரிய பண்ணைகளில் அலகின் நுனியையே வெட்டிவிடும் வழக்கமும் இருக்கிறது. அலகு நகம் அல்ல. அதற்குள் நரம்பு ஓடுகிறது. ஷெல்டெரப்-எப்பேயின் நார்வே 1974-லேயே இதைத் தடை செய்துவிட்டது. வீட்டில் பத்துக் கோழி வளர்ப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவர். எப்போதும் கோழி வளர்த்தார். "குஞ்சு குஞ்சைக் கொத்திக் கொன்னதை நான் பார்த்ததே இல்ல ஆயி, பருந்துதான் தூக்கும், கீரி தூக்கும்" என்றார். முதலில் நம்பவில்லை. ஆனால் பாட்டியின் குஞ்சுகளுக்கும் என் குஞ்சுகளுக்கும் உள்ள வேறுபாட்டை யோசித்துப் பாருங்கள். அவருடையவற்றுக்குத் தாய் இருந்தது. தாய்க்கோழி சூடு மட்டும் கொடுப்பதில்லை. தரையைக் கிளறி, ஒரு பொருளைக் கொத்தி, கீழே போட்டு, 'க்ளக் க்ளக்' என்று கூப்பிடும். குஞ்சுகள் ஓடி வந்து அங்கே கொத்தும். எதைக் கொத்த வேண்டும் என்று அது நாள் முழுதும் பாடம் நடத்துகிறது. களைத்த குஞ்சு இறக்கைக்கு அடியில் புகுந்து இருட்டில் உறங்கும். விழித்திருக்கும் குஞ்சு வெளியே திரியும். உறங்குவது விழித்திருப்பதன் அலகுக்கு எட்டாது. என் பெட்டியில் உறங்கும் குஞ்சும் திரியும் குஞ்சும் ஒரே வெளிச்சத்தில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. தாயின் கீழ் வளரும் குஞ்சுகளிடமும், இருட்டான மறைவிடம் கொடுத்து வளர்க்கும் குஞ்சுகளிடமும் இறகு கொத்துவது குறைகிறது என்பதை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். பல்பு தாயின் சூட்டைத் தரும். தாயின் பாடத்தையும் இருட்டையும் தராது.

இரண்டாவது முறை பத்துக் குஞ்சுகள் வாங்கினேன். பழைய அலமாரிப் பலகைகளை அடைத்து 120-க்கு 60 சென்டிமீட்டரில் இடம் செய்தேன். தரையில் மரச்சீவல், அதன்மேல் காய்ந்த இலை. முழுக்கக் குஞ்சுத் தீவனம். அதிலும் ஒரு கைப்பிடியை இலைக்குள் தூவிவிடுவேன், தேடித் தின்னட்டும் என்று. ஒரு கொத்துக் கங்கோங் கீரையைக் குஞ்சின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மண்ணோடு பெயர்த்த புல் ஒரு தட்டில். (தீவனத்தைத் தவிர வேறு எதையும் தின்னும் குஞ்சுக்குச் சிறு மணல் வேண்டும், பல் இல்லாததால் அதன் அரைப்பையில் அரைப்பது அதுதான்.) பல்பு மதியம் அணைந்திருக்கும். ஒரு மூலையில் கவிழ்த்த பெட்டி, வாசலுக்குத் துணிக்கீற்று. அதை மட்டும் பல்புக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். துணியும் சூடான பல்பும் சேர்ந்தால் வீடே பற்றிக்கொள்ளும். தொட்ட பிறகு கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுவது வீட்டில் சட்டம், ஏனென்றால் ஆரோக்கியமான குஞ்சிலும் சால்மனெல்லா இருக்கலாம்.

அப்படியும் பதினாறாம் நாள் ஒரு குஞ்சின் வாலில் இரத்தம் வந்தது. இந்த முறை பார்த்த நொடியில் தூக்கிவிட்டேன். சுத்தமான தண்ணீரில் துடைத்து, பாட்டி சொன்னபடி மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். மஞ்சள் காயத்தை ஆற்றியதா, அல்லது சிவப்பை மறைத்ததுதான் உதவியா என்று கேட்டால், எனக்கு இரண்டாவதின்மேல்தான் நம்பிக்கை அதிகம். காயம்பட்ட குஞ்சைத் திருப்பி உள்ளே விடக்கூடாது. ஆனால் வேறு அறைக்கும் கொண்டுபோகக்கூடாது. அதே இடத்தில் குறுக்கே கம்பி வலை வைத்து, இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் மற்றவை. ஒன்றையொன்று பார்க்கலாம், கேட்கலாம், கொத்த முடியாது. கண்ணிலிருந்து மறைந்து பல நாள் கழித்துத் திரும்பும் கோழி, மற்றவற்றுக்குப் புதிய கோழி. காயம் உலர்ந்து புதுத்தோல் வந்த பிறகு, நாலாம் நாள் வலையை எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஏழாம் வாரத்தில்தான் உண்மையான வம்பன் வந்தான். இளம் சேவல். தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாம்பல் நிறப் பெட்டை ஒன்றை மட்டும் நெருங்கவே விடவில்லை. கொத்து தலையில் விழுந்தது. அதனால் இது வரிசைக் கொத்து. ஆனால் கொத்து வாங்கியது ஒதுங்கிய பிறகும் துரத்திப் போய்க் கொத்தியது. பெட்டை நாள் முழுவதும் மூலையில் நின்றது, எடையும் குறைந்தது. இது வரிசையின் எல்லையைத் தாண்டிய கொத்து. அறிவியல் மன்றத்தில் படத்தைக் காட்டி "என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். பெட்டையைத் தனியாக வைக்கலாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். கடைசி வரிசைக்காரன் அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தான். "அடி வாங்குனத ஏன் டீச்சர் வெளிய தூக்கணும்? அடிச்சத தூக்குங்க."

கோழி வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கண்டதும் அதுதான். பெட்டையை எடுத்தால் திரும்பும்போது அது புதிய கோழி, நிலை இன்னும் கீழே போகும். சேவலை எடுத்தால் மீதிப் பேர் அவனில்லாமல் தங்களுக்குள் வரிசையைச் சீர்செய்துகொள்கிறார்கள். திரும்பும்போது புதியவன் அவன்தான். ஐந்து நாள் அவன் வலைக்கு அப்பால் இருந்தான். அதோடு இன்னொன்றும் செய்தேன்: தீவனத் தட்டை இரண்டாக்கி, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி நடுவில் ஒரு பலகை வைத்தேன். ஒரு காவல்காரன் இரண்டு வாசலைக் காக்க முடியாது.

வெளியிலிருந்து புதுக் கோழி கொண்டுவருபவர்களுக்கும் இந்த ஜோடிக் கணக்கு உதவும். பன்னிரண்டு கோழிகளுக்கு நடுவே ஒன்றைப் போட்டால் முடிவாகாத ஜோடிகள் 12. பன்னிரண்டிலும் ஒரு பக்கம் அதே ஒரே கோழி. மூன்றாகச் சேர்த்துப் போட்டால் கொத்து மூன்றாகப் பிரியும். இரவில் சேர்த்துவிட்டால் காலையில் தெரியாது என்பார்கள். கோழிகள் அவ்வளவு மக்கு இல்லை. சில நாள் வலைக்கு அப்பால் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு இரவில் சேர்த்தால் பயன் உண்டு.

'பலமானது வெல்லும்' என்ற வாதத்துக்கு மேலும் ஒரு பரிசோதனை இருக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் என்பவர் முட்டைக் கோழிகளில் செய்து, 1996-இல் வெளியிட்டார். அலகு வெட்டாத கோழிகளைக் கூட்டமாகக் கூண்டில் வைத்தால் ஒன்றையொன்று கொத்திச் சாகும். வழக்கமாக அதிக முட்டையிடும் தனிக் கோழியைப் பார்த்து அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் மற்றவற்றைக் கொத்தி ஒதுக்கித் தானே தின்று நிறைய முட்டையிடும் கோழியும் அந்தத் தேர்வில் வென்றுவிடும். மியூர் தனிக் கோழியைப் பார்க்கவில்லை, கூண்டைப் பார்த்தார். மொத்தமாக எந்தக் கூண்டு நன்றாக முட்டையிட்டதோ அந்தக் குடும்பத்தையே தேர்ந்தெடுத்தார். சில தலைமுறைகளிலேயே கொத்திச் சாவது வெகுவாகக் குறைந்தது, முட்டையும் கூடியது. கொத்தும் குணத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது இதில் தெரிகிறது. நாம் எதை எண்ணித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும் என்பதும் தெரிகிறது. 'இயற்கை' என்று சொன்ன மாணவனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த நோட்டுல நானும் எழுதலாமா டீச்சர்?" என்றான்.

நோட்டு என்றது மன்றத்தின் கோழிக் குறிப்பேடு. பள்ளி முடிந்து என் வீட்டுப் பக்கம் வரும் மாணவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து, எது எதைக் கொத்தியது, தலையிலா, முதுகிலா, வாலிலா என்று எழுதுகிறார்கள். உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ கோழி இருந்தால் நீங்களும் முயலலாம். ஒவ்வொன்றின் காலிலும் வேறு வேறு நிற வளையம் மாட்டுங்கள். கால் தடிக்கத் தடிக்க வளையத்தை மாற்ற மறக்காதீர்கள், இறுகிவிடும். ஒரு கட்டம் வரைந்து, இடப்பக்கம் கொத்தியது, மேலே கொத்து வாங்கியது. பத்துக் கோழிக்கு 45 ஜோடிகள். எங்கள் கட்டத்தில் இதுவரை 38 நிரம்பியிருக்கின்றன. சாம்பல் நிறப் பெட்டை கடைசியிலிருந்து மூன்றாவது. அதைத் துரத்திய சேவல் நடுவில் எங்கோ இருக்கிறான். அவனுக்கும் சாம்பலுக்கும் உள்ள கட்டத்தில் வலையை எடுத்த நாளிலிருந்து இன்னும் ஒரு கோடும் விழவில்லை.